பிள்ளையும் கைவேலையும் ஒரே கூரையின் கீழ்: வாசகர் கேள்வி பதில்

வீட்டிலிருந்தபடி கைவேலை செய்யும் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்தன. சிறு பிள்ளையும் மூன்று வேளை அடுப்பும் உள்ள வீட்டில் கைவேலைக்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் கேள்வி. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: திருமணத்துக்கு முன்பே தஞ்சாவூர் ஓவியம் கற்றவள் நான். இப்போது மகனுக்கு இரண்டரை வயது. மாமனார், மாமியார், கணவர், கொழுந்தனார் என்று ஆறு பேர் உள்ள வீடு. மூன்று வேளைச் சமையலும் என் பொறுப்பு. மகன் தூங்கிய பிறகு இரவு பத்தரை மணிக்குப் பலகையை எடுத்து ஒரு மணி வரை வேலை செய்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். பகலில் எதற்கெடுத்தாலும் பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன். "இந்தப் படம் வரையாவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?
வாசகி, பாபநாசம்

பதில்: ஓவியத்தை நிறுத்த வேண்டாம், இரவு வேலையை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. நீங்கள் நான்கரை மணி நேரம் தூங்கிவிட்டு ஆறு பேருக்குச் சமைத்து, இரண்டரை வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடுகிறீர்கள். பகலில் வரும் எரிச்சலுக்குக் காரணம் உங்கள் குணமோ பிள்ளையின் குறும்போ ஆகாது, தூக்கக் குறைவுதான். கைவேலைக்கான நேரத்தைத் தாயின் தூக்கத்திலிருந்தும் பிள்ளையின் சாப்பாட்டு வேளையிலிருந்தும் எடுக்கக் கூடாது, அடுப்படியில் வீணாகும் உழைப்பிலிருந்தும் வீட்டிலுள்ள மற்றவர்களின் கைகளிலிருந்துமே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்போவது எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியதே.

முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் பாதியில் வைத்துவிட்டு எழக்கூடிய கட்டங்களும் இருக்கின்றன, எழவே முடியாத கட்டங்களும் இருக்கின்றன. பலகையில் காடாத் துணியை ஒட்டிச் சாக் பவுடர் பூசித் தேய்ப்பது, படத்தின் கோடுகளைப் பலகைக்கு மாற்றுவது, வண்ணம் தீட்டுவது ஆகியவற்றைப் பிள்ளை அழைத்தால் அந்த நொடியே விட்டுவிட்டுப் போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மக்கு வைப்பதும் தங்கத்தாள் ஒட்டுவதும் அப்படிப்பட்டவை அல்ல. சாக் பவுடரையும் பசையையும் குழைத்த மக்கை வைக்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் எழுந்து போனால், கிண்ணத்தில் இருப்பது இறுகிவிடும். வைத்த பகுதி காய்ந்துபோய்ப் புதிதாக வைப்பதோடு சேராமல் நிற்கும். தங்கத்தாளுக்கு மின்விசிறியைக்கூட நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தால் தாள் மடிந்து வீணாகும், அந்த நட்டத்தின் கோபம் பிள்ளையின் முதுகில் இறங்கும். ஆகவே இந்த இரண்டு கட்டங்களையும் பிள்ளை வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் தொடவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பகலில் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரங்களுக்குப் பிரித்துக்கொடுத்துவிடலாம். இப்படிப் பிரித்தால் முழு அமைதி தேவைப்படும் வேலை, ஒரு படத்துக்கு நீங்கள் நினைத்திருப்பதைவிடக் குறைவுதான் என்பது தெரியவரும்.

அந்த அமைதிக்கு வழி உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கலாம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் ஊர்தோறும் இயங்கும் மையங்கள் அவை. மதிய உணவும் முட்டையும் அங்கேயே கிடைக்கும். சற்று வசதியான வீடுகளில் அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புவதைக் குறைவாக எண்ணுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். வீட்டில் ஒரு பிடிச் சோற்றுக்கு ஊரைச் சுற்றும் பிள்ளை, தன் வயதுப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் தானும் கையை நீட்டும். ஒருமுறை நேரில் போய், இடம் சுத்தமாக இருக்கிறதா, பணியாளர் அன்பாகப் பேசுகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது அடுப்படி. காலையில் இட்லிக்கு இரண்டு சட்னியும் சாம்பாரும், மதியம் குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், இரவில் மறுபடியும் டிபனுக்குத் தனிச் சட்னி என்ற வழக்கம், வீட்டில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து சமைத்த காலத்தில் உருவானது. அதே பட்டியலை இன்று ஒருவரே சமைப்பது நியாயம் ஆகாது. ஒருவர்கூட அதனால் கூடுதலாக ஊட்டம் பெறப் போவதுமில்லை. காலையில் கும்பகோணம் கடப்பா ஒன்று செய்தால் போதும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் இருப்பதால் வயிறு நிறையும், பச்சை மிளகாயைக் குறைத்து அரைத்தால் பிள்ளையும் சாப்பிடும். மதியம் ஒரு குழம்பு, ஒரு காய், மோர். இரவுக்குக் காலை மாவிலேயே தோசை, மதியக் குழம்பே தொட்டுக்கொள்ள. வாரத்துக்கு இரண்டு நாள் மாவு அரைப்பது, கீரையை முதல் நாள் மாலையே ஆய்ந்து வைப்பது, தேங்காயை மொத்தமாகத் துருவி உறைபெட்டியில் வைப்பது போன்றவை நீங்கள் அறிந்தவையே. இந்த எளிய பட்டியலை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் குறைத்தால் குறையாகத் தெரியும்; சொல்லிவிட்டுக் குறைத்தால் அதுவே வீட்டு ஏற்பாடாகிவிடும். சாப்பிட வருகிறவர்கள் தட்டைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வதும், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதும் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் இந்த வாரமே பழகட்டும்.

மாமியார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்குக் கோபத்தோடு பதில் சொல்ல வேண்டாம். உங்கள் படம் எப்படி உருவாகிறது என்பதை அவர் இதுவரை பார்த்திருக்க வழியில்லை; நீங்கள் ஊர் அடங்கிய பிறகுதானே வரைகிறீர்கள்! ஒரு நாள் பகலில் கூடத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுங்கள். "அத்தை, இந்த முகத்தில் கண் சரியாக வந்திருக்கிறதா, பாருங்கள்" என்று கேளுங்கள். படத்துக்கு என்ன விலை வந்தது, அதில் பலகைக்கும் தங்கத்தாளுக்கும் போக மிஞ்சியது என்ன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்" என்று நேரம் குறித்துக் கேட்டால், பேரனோடு இருக்கக் கசக்கும் பாட்டியர் குறைவு. "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எல்லையில்லாமல் விட்டுவிட்டுப் போவதுதான் முதியவர்களைச் சலிப்படையச் செய்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். படத்தில் ஒட்டுவதற்கு வைத்திருக்கும் கற்கள் ஒவ்வொன்றும் இரண்டரை வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய அளவில் இருப்பவை. மூடி இறுகிய டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுங்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கிவிட்டு, ஈரத் துணியால் ஒருமுறை துடையுங்கள். டர்பன்டைன், வார்னிஷ் ஆகியவற்றை ஒருநாளும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சில வண்ணங்களில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால், ஈயம் இல்லாதது என்று அச்சிட்ட வண்ணத்தையே வாங்குங்கள். தூரிகையை வாயில் வைத்து நுனி கூர்மையாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெரிய பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஒன்றரை வயது. செல்பேசியில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறாள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்குப் பின்னல் வேலையில் கை ஓடுவதில்லை. முதல் வயதில் நன்றாகச் சாப்பிட்டவள் ஏன் இப்படி ஆனாள்?
வாசகி, மன்னார்குடி

பதில்: முதல் வயதில் பிள்ளையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இரண்டாம் வயதில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோ அளவுதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. இதை அறியாமல், எட்டு மாதத்தில் உண்ட அளவை மனத்தில் வைத்துக்கொண்டு திணிக்கும்போதுதான் போராட்டம் தொடங்குகிறது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து அட்டையில் குறித்துவருகிறீர்கள் அல்லவா? அந்தக் கோடு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், மகள் விளையாட்டில் சுறுசுறுப்பாக இருந்தால், அவள் சாப்பிடும் அளவு போதுமானதே. எடை நின்றுவிட்டாலோ இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

செல்பேசியை எடுத்துவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பாட்டில் மயங்கி வாயைத் திறக்கும் பிள்ளைக்குத் தான் உண்கிறோம் என்பதோ வயிறு நிறைந்துவிட்டது என்பதோ தெரிவதில்லை. எடுத்துவிட்ட முதல் சில நாள் அழுகை இருக்கும், ஒரு வேளை சரியாகச் சாப்பிடாமலும் போகலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் வயிற்றுக்கு விட்டுவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் தட்டு பிள்ளையின் முன்னால் இருக்கத் தேவையில்லை. எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை நொறுக்குத் தீனியோ பிஸ்கட்டோ கொடுக்காமல் இருந்தால் பசி தானே வரும். பால் எவ்வளவு குடிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோற்றுக்கு இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை இருந்தது தெரியவந்தது. நெல்லும் கீரையும் மீனும் விளையும் மண்ணில் வாழும் நமக்கு இது மனத்தை உறுத்த வேண்டிய செய்தி. முருங்கைக்கீரையைப் பருப்போடு மசித்து, இறக்கிய பின் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் கொடுங்கள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். மீன் உண்ணும் வீடானால் விரால் நல்லது, முள் குறைவு; இருந்தாலும் கையால் உதிர்த்துத் தடவிப் பார்த்தே ஊட்டுங்கள். பிள்ளைக்கு என்று தனிச் சமையல் வேண்டாம். குழம்பிலும் கூட்டிலும் மிளகாய்த்தூள் போடும் முன் அவளுடைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துவிட்டால் போதும். நம் பக்கத்தில் பெரியவர்கள் காபி குடிக்கும்போது பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுப்பது செல்லமாகக் கருதப்படுகிறது. தேநீரும் காபியும் இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுப்பவை என்பதால் அதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை நான்கு வயது வரை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்களும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைக் கடைசியில் நின்றபடி விழுங்கும் வழக்கம் நம் வீடுகளில் தாய்மார்களின் உடம்பைக் கெடுத்திருக்கிறது. தாய் உண்பதைப் பார்த்துப் பிள்ளை உண்ணக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் அது பறித்துவிடுகிறது. புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேல்கூட அதைத் தட்டில் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் தட்டில் அது இருந்து, நீங்கள் விரும்பி உண்டால் அதில் பாதித் தூரம் கடந்துவிடும்.

கேள்வி: நான் விவசாயி. என் மனைவி வயர் கூடை பின்னி விற்கிறாள். சிவன்கண் கூடைக்கு நல்ல கேட்பு இருக்கிறது. மூன்று வயது மகன் இருக்கிறான். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் நான் வீடு திரும்ப இருட்டிவிடும். அவளுக்கு நான் எந்த வகையில் உதவலாம்?
வாசகர், நீடாமங்கலம் அருகே

பதில்: இப்படி ஒரு கடிதம் ஆண்மகன் ஒருவரிடமிருந்து வந்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. உதவுகிறேன் என்று அங்குமிங்கும் கை கொடுப்பதைவிட, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். மகனின் இரவு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்: நீங்கள் வயலிலிருந்து வந்து குளிக்கும்போதே அவனையும் குளிப்பாட்டி, சோறு பிசைந்து ஊட்டி, கதை சொல்லித் தூங்க வைப்பது வரை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதால், எட்டரை மணிக்குள் அவன் படுத்துவிடுவது நல்லது. அவனுடைய துண்டு எங்கே, எந்தக் கிண்ணத்தில் சாப்பிடுவான் என்று ஒவ்வொன்றுக்கும் மனைவியைக் கூப்பிட்டால் அவர் கையிலிருக்கும் வரிசை விட்டுப்போகும். முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு விடுங்கள்.

வழக்கம்போல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால், அதற்குப் பின் நடவு முடியும் வரை உங்களால் அதிகம் இயலாது. சம்பா அறுவடையின்போதும் அப்படித்தான். அந்த வாரங்களில் அவர் ஆர்டர் குறைவாக எடுக்கும்படியும், கோடையில் உங்களுக்கு வயல் வேலை இல்லாத மாதங்களில் கூடுதலாகப் பின்னும்படியும் இருவரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து திட்டமிடலாம். வெட்டிய வயர்த் துண்டுகளைப் போட ஒரு மூடியுள்ள வாளி வாங்கிக் கொடுங்கள். மகன் அவற்றை வாயில் வைக்காமல் இருப்பான். கூடைகளைக் கும்பகோணம் கடைகளுக்கு எடுத்துப்போய்க் கொடுத்துக் கணக்கு முடித்து வருவதையும் நீங்களே செய்யலாம். பணத்தை அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து தருகிறேன். ஆவணி, தை முகூர்த்தங்களில் ஆர்டர் குவிந்துவிடுகிறது. அந்த நாட்களில் வீட்டில் ஒழுங்காகச் சமைப்பதே இல்லை. கடையில் வாங்கிக் காலம் தள்ளுகிறோம். இரண்டு வயது மகள் ஒருமுறை ஃபிரேமில் இருந்த நூலைப் பிடித்து இழுத்து ஒரு வரிசை முழுவதும் அவிழ்ந்துவிட்டது. அவளை அடித்துவிட்டேன். அன்று முழுவதும் எனக்கு ஆறவில்லை.
வாசகி, மயிலாடுதுறை

பதில்: சகோதரி, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பளபளக்கும் நூலை இழுத்துப் பார்க்கத்தான் தெரியும், அது உங்கள் இரண்டு நாள் உழைப்பு என்று அதற்குத் தெரிய வழியில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா அடித்தது தவறு என்று சொல்லிவிடுங்கள், அந்த வயதிலும் அது புரியும். ஆரித் தையல் சங்கிலியாகப் போவதால், முடிச்சிடாத நுனியை இழுத்தால் கடைசிவரை உருவிக்கொண்டு வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பால் பொங்கினாலும் வாசலில் ஆள் வந்தாலும், எழுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு முடிச்சைப் போட்டுப் பூட்டிவிட்டே எழுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஊசியை ஃபிரேமில் குத்தி வைக்காமல் மூடியுள்ள குழலில் போடுங்கள். ஃபிரேமின் மேல் ஒரு பழைய வேட்டியை நான்கு பக்கமும் கட்டி மூடிவிட்டால் சமிக்கியும் மணியும் பிள்ளையின் கண்ணில் படாது. இயன்றால் கதவு உள்ள அறைக்கு ஃபிரேமை மாற்றிவிடுங்கள்.

முகூர்த்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு எத்தனை ரவிக்கை முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றுகூட ஏற்காதீர்கள். தெரிந்தவர், உறவினர் என்று வருகிறவர்களிடம் தேதியைச் சொல்லி மறுப்பதற்குத் தயங்க வேண்டாம். கை நெய்த திருபுவனம் பட்டுச் சேலைக்கு மனமுவந்து விலை கொடுக்கும் குடும்பங்கள், அதற்கேற்ற ரவிக்கையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் பேரம் பேசுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மணிக்கணக்கைக் குறித்து வைத்து அதற்கு ஏற்ற கூலியைச் சொன்னால் சிலர் வேறிடம் போவார்கள், போகட்டும்; மிஞ்சும் ஆர்டர்கள் உங்கள் வீட்டுக்குத் தாங்கும் அளவில் இருக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னேற்பாடு செய்துகொள்ளலாம். மாதம் பிறக்கும் முன்பே புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பொடி ஆகியவற்றைத் தயார் செய்து வைத்தால் சோறு வடிப்பதும் ஒரு காய் வதக்குவதும் மட்டுமே மிஞ்சும். மகளுக்குப் பாசிப்பருப்பும் பச்சரிசியும் பரங்கிக்காயும் சேர்த்துக் குக்கரில் குழைய வைத்து நெய் விட்டுக் கொடுங்கள். கால் மணி நேர வேலைதான். நேரம் ஆக ஆகக் கெட்டுப்போகக்கூடியது சோறு. நம் ஊர் வெக்கையில் காலையில் வடித்ததை மாலை வரை வெளியே வைத்துப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டாம்.

கேள்வி: கொலு வைப்பது எங்கள் வீட்டில் தலைமுறை வழக்கம். பேரனுக்கு ஒரு வயது எட்டு மாதம். இந்த ஆண்டு வைக்கலாமா, பொம்மைகள் மிஞ்சுமா என்று மருமகள் பயப்படுகிறாள்.
வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக வையுங்கள், படிகளை மட்டும் மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மண் பொம்மைகளும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளும் மேல் இரண்டு படிகளில் இருக்கட்டும். கீழ்ப்படியைப் பேரனுக்கு விட்டுவிடுங்கள்: மரப்பாச்சி, பெரிய மரச் சொப்புகள், துணிப் பொம்மை என்று அவன் எடுத்து விளையாடக்கூடியவை அங்கே இருக்கட்டும். பூக்கோலத்துக்கும் விளக்குக்கும் அவனுக்கு எட்டாத இடம் பாருங்கள். தொங்கும் சீரியல் விளக்கின் வயர், குண்டூசி, விளக்கு எரியும் பொம்மைகளில் உள்ள பொத்தான் அளவுப் பேட்டரி ஆகிய மூன்றும் வேண்டாம். அந்தப் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். ஒன்பது நாளும் சுண்டல் உண்டல்லவா, கடலையை நன்றாக வேக வைத்து மசித்துக் கொடுங்கள். மருமகளுக்கு அந்த நாட்களில் அடுப்படி வேலை குறையும்படி பார்த்துக்கொள்வதும் மாமியாராகிய உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் செதுக்கி உருவங்கள் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைக் குடும்பம் எங்களுடையது. மகளுக்கு மூன்றரை வயது. நான் வேலைக்கு உட்கார்ந்தாலே தானும் செய்வேன் என்று வந்துவிடுகிறாள். விரட்டவும் மனம் இல்லை, கத்தி இருப்பதால் சேர்க்கவும் பயமாக இருக்கிறது.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: விரட்ட வேண்டாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை உங்களுடையது. அதில் அடுத்த கை ஒன்று தானாகவே ஆசைப்பட்டு வருகிறது. ஆனால் கத்தி இருக்கும் பாயும் அவள் உட்காரும் பாயும் வேறு வேறாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உங்கள் கைக்கு எட்டும் இடைவெளி இருக்கட்டும், அவள் கைக்கு எட்ட வேண்டாம். அவளுக்கென்று ஒரு தட்டு, அதில் விரல் நீளத்துக்குக் குறையாத பெரிய நெட்டித் துண்டுகள் சில, கொஞ்சம் சோற்றுப் பசை, ஒரு அட்டை. அதில் அவள் ஒட்டுவதை நீங்கள் திருத்த வேண்டாம்; கோபுரம் என்று அவள் சொன்னால் கோபுரம்தான். சிறு துணுக்குகளை அவள் பக்கம் வர விடாதீர்கள். எடையே இல்லாத அந்தத் துணுக்குகள் மூச்சோடு உள்ளே போய்விடக்கூடும்.

மூன்றரை வயதுப் பிள்ளை ஒரே வேலையில் கால் மணி நேரம் இருந்தால் பெரிது. அதன் பிறகு எழுந்து போய்விடுவாள். அதற்குள் நீங்கள் கத்தி தேவைப்படாத ஒட்டும் வேலையை முடித்துக்கொள்ளலாம். கத்தி வேலையை அவள் அங்கன்வாடியிலோ பாட்டியிடமோ இருக்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். சமையலிலும் இதே ஏற்பாடு பயன்படும்: பொன்னாங்கண்ணிக் கீரை ஆய்வது, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையை வைத்துப் பிசைவது, கறிவேப்பிலை உருவுவது எல்லாம் அந்த வயதுக்கு உரியவை. தானே ஆய்ந்த கீரையைத் தட்டில் பார்த்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள். நான்கு வயது நிறைந்ததும் முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்து முதலில் செய்தித்தாளை வெட்டப் பழக்குங்கள். கை நிலைபெற்றதும் தடித்த நெட்டித் தகட்டை உங்கள் எதிரில் வைத்து வெட்டலாம்.